முப்பது நாளுக்கு மேல் பூட்டியிருந்தால்

மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கைச் சிந்தினால்தான் கரி வருகிறது. உங்கள் வயிற்றுத் தையல் எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா?

உங்கள் பக்கத்து வீட்டுக்கு அந்த போன் வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்களிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் 'கடையில் தீ' என்று மட்டும் எழுதிக் காட்டிவிட்டு ஓடிவந்தேன். இப்போது முழுவதும் சொல்கிறேன். நம் கடைக்கும் டிவி ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தானே. அவர் கடையில் பகல் பதினொரு மணிக்கு வயர் பற்றி, கூரை வழியாக நம் பக்கம் வந்திருக்கிறது. அவர் உள்ளே இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தையல் மெஷின் நாலும் போயிற்று. ஜூன் மாதத்துப் பள்ளிச் சீருடைக்கு வாங்கி அடுக்கிய துணி மொத்தமும் போயிற்று. டிவிக்காரர் என்னைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்து அழுதார். நான் அழ வேண்டியதையும் அவரே அழுதுவிட்டதால் எனக்கு வேலை மிச்சம்.

ஒரு நல்லது. நான் உங்களோடு இருந்த நாளில் வேலை குறைவு என்று கடையைப் பூட்டி, கட்டிங் மாஸ்டரை வீட்டிலேயே வெட்டச் சொல்லியிருந்தேன். அதனால் அவருடைய கத்திரியும், துணிமேல் வைத்து வெட்டுகிற அளவு அட்டைகளும் தப்பின. இன்சூரன்ஸ் இருக்கிறது. கவலைப்படாதீர்கள்.

டாக்டர் சொன்னபடி இன்னும் ஒரு வாரம் குனிந்து எதையும் தூக்க வேண்டாம்.

உங்கள் தங்கை

&nbsp;

மார்ச் 14

என் ஊசிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். தையலைப் பற்றி இனிமேல் கேட்காதே, அது ஆறுகிறபோது ஆறும். நீ அடிக்கடி வெந்நீர் குடி, கரி தொண்டையில் தங்கக் கூடாது.

நாற்பது வருடம் பாய்லர் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டுக் காதைத் தொலைத்தவன் நான். போனில் உன் குரல் கேட்காது. ஆனால் 'கவலைப்படாதீர்கள்' என்று நீ எழுதினால், நீ கவலைப்படுகிறாய் என்று எனக்குக் கேட்கும்.

சொல்வதைக் கேள். நஷ்டத்தைக் கணக்கிடுகிற இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஒரு சாம்பலைக்கூடக் கூட்டாதே. போட்டோக்காரரைக் கூப்பிட்டு நாலு பக்கமும் எடுத்து வை. அவர்களிடம் எந்தக் காகிதம் கொடுத்தாலும், வாங்கிக்கொண்டதாக எழுதி வாங்கு. வாய் வார்த்தையில் கொடுப்பதும் கிணற்றில் போடுவதும் ஒன்று.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. எனக்கு எப்போதும் அமைதிதான், இருந்தாலும் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

&nbsp;

மே 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் சௌக்கியம். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. பழைய செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினீர்களா?

கிளெய்ம் கிடைக்காது என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஏதோ காகித விஷயம். நமக்குப் புரியாது. அலைந்து பிரயோஜனம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஊருக்கு வெளியே இருக்கிற ரெடிமேட் துணி கம்பெனியில் பட்டன் வைக்கிற பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். கேட்டு வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் முதலாளியாக இருந்தாயிற்று, கொஞ்ச நாள் தொழிலாளியாக இருந்து பார்க்கலாமே. கட்டிங் மாஸ்டருக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தினமும் காலையில் வந்து, பூட்டிய கடைமுன் நின்றுவிட்டுப் போகிறார். கட்டிடச் சொந்தக்காரர் நல்ல மனிதர். இந்த வருடக் கடைசி வரை கடையை எனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் திறக்கவில்லை என்றால் மருந்துக் கடைக்குக் கொடுத்துவிடுவார்.

வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதீர்கள்.

உங்கள் தங்கை

&nbsp;

மே 27

ஊசி,

நான் சௌக்கியம், ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் ரத்தம் கொதிக்கிறது. செருப்பு வாங்கியாயிற்று. பேச்சை மாற்றாதே.

'ஏதோ காகித விஷயம்' என்றால் என்ன? ஒரு பையனின் தோளைப் பார்த்தே சட்டை அளவு சொல்கிறவள் நீ. உனக்கா ஒரு காகிதம் புரியாது?

இங்கே நூலகத்து அம்மாவிடம் உன் விஷயத்தை எழுதிக் காட்டினேன். என்னிடம் பேச அவரும் எழுதித்தான் காட்ட வேண்டும், நல்ல வேளையாக அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அலமாரியிலிருந்து ஒரு தடிமனான சட்டப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். கிளெய்மை மறுக்கிற கம்பெனி காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் பிடிக்காவிட்டால் கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீடு உண்டு. அங்கும் நடக்காவிட்டால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் போக வக்கீலும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். பாலிசியில் ஒரு வரிக்கு இரண்டு அர்த்தம் வந்தால், பாலிசி எடுத்தவருக்குச் சாதகமான அர்த்தத்தைத்தான் எடுக்க வேண்டுமாம். எழுதினவன் அவன், குழப்பினவனும் அவன், அதனால் நஷ்டமும் அவனுக்கு.

அழுகிற பிள்ளைக்குத்தான் பால். அவர்கள் கொடுத்த மறுப்புக் கடிதத்தை அப்படியே நகல் எடுத்து எனக்கு அனுப்பு. பட்டன் வைக்கப் போனாயானால் நான் உன்னோடு பேசமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

&nbsp;

ஜூன் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உங்கள் கோபமும் நலமாக இருப்பது தெரிந்தது.

இந்த நகலை அனுப்ப வேண்டாம் என்றுதான் ஏதோ காகித விஷயம் என்று எழுதினேன். நீங்கள் விடமாட்டீர்கள். படித்துவிட்டு உங்களை நீங்களே திட்டிக்கொள்ளக் கூடாது, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கடை தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் பூட்டியிருந்தால் கம்பெனிக்கு முன்னாலேயே எழுதித் தெரிவிக்க வேண்டுமாம். தெரிவிக்காவிட்டால் பாலிசி செல்லாதாம். ஜனவரி இருபத்தேழில் பூட்டிவிட்டு உங்கள் ஆபரேஷனுக்கு வந்தேன். தீப்பிடித்தது முப்பத்தாறாவது நாள்.

உங்கள் பேச்சைக் கேட்டுக் கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "பாருங்கம்மா, மருத்துவக் காரணம்னா மனிதாபிமானத்துல ஏதாவது செய்ய வழி இருக்கு. உங்க அண்ணனுக்கு மார்ச் வரைக்கும் கூட ஒரு ஆள் இருந்தே ஆகணும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்.

டாக்டரிடம் கேட்க முடியுமா அண்ணா? முடிந்தால் மட்டும். ஜூலை கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை

&nbsp;

ஜூலை 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள்தான் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. நான் எழுதி நாலு வாரம் ஆகிறது. ஒரு வாரத்தில் பதில் போடுகிறவர் நீங்கள்.

பக்கத்து வீட்டுக்கு போன் செய்தேன். "அவருக்கென்ன, காலைல நடந்துட்டுதான் வந்தாரு" என்றார்கள். நிம்மதியாக இருந்தது. அப்படியானால் ஏன் எழுதவில்லை என்றும் தோன்றியது.

சான்றிதழ் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். பட்டன் பிரிவில் இன்னும் இடம் இருக்கிறது.

உங்கள் தங்கை

&nbsp;

ஜூலை 20

ஊசி,

உடம்புக்கு எனக்கு ஒரு கேடும் இல்லை. அதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன்.

நீ வந்த பதினைந்தாவது நாள் டாக்டரிடம் போனேன், நினைவிருக்கிறதா? உன்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். தையல் ஆறிவிட்டது, இனி யாரும் கூட இருக்க வேண்டியதில்லை, நீங்களே சமைத்துச் சாப்பிடலாம் என்று எழுதிக் காட்டினார். திரும்பி வரும் வழியில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் இன்னும் ஒரு மாதம் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார் என்றேன்.

ஏன் என்று கேட்பாய். உன் அண்ணி போய் ஆறு வருடம் ஆகிறது. காது கேட்காதவன் வீட்டுக்கு யாரும் பேச வருவதில்லை, எழுதிக் காட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? நீ சமையலறையில் நின்றுகொண்டு பலகையில் சாக்பீஸால் என்னைத் திட்டி எழுதுவாய். நான் அழித்துவிட்டுப் பதில் எழுதுவேன். அது இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நான் உண்மை சொல்லியிருந்தால் நீ பதினாறாவது நாள் கடையைத் திறந்திருப்பாய்.

இதைச் சொல்லாமல் நான்கு வாரம் எப்படி ஓட்டினேன் என்பதையும் கேட்டுக்கொள். டாக்டரிடம் போகத் துணிச்சல் இல்லை. அங்கே மருந்து கொடுக்கிறவரிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே டாக்டரின் தாளில் நீ கேட்டபடியே எழுதி, சீல் வைத்து, "யாரு பாக்கப் போறா?" என்று அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டி அழித்தார். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றினேன். அதை அனுப்பினால் உன் கடை பிழைக்கும், என் பொய்யும் வெளியே வராது. மூன்று தடவை தபால்பெட்டி வரை போய்த் திரும்பினேன்.

கடைசியில் நூலகத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். பிறகு, "பொய்ச் சான்றிதழ் ஒண்ணு உள்ள போனா, நிஜமான கிளெய்மும் சேர்ந்து செத்துடும். கையெழுத்துப் போடப் போறது உங்க தங்கச்சி, நீங்க இல்ல" என்று எழுதினார். சட்டைப்பையிலிருந்த அந்தத் தாளை அங்கேயே கிழித்துக் கூடையில் போட்டேன்.

அவர் இன்னொன்றும் கேட்டார். அந்த முப்பது நாள் நிபந்தனையை உன் கையில் எப்போதாவது கொடுத்தார்களா? பாலிசி எடுத்தவருக்கு நிபந்தனைகளைக் கொடுக்காமல், பிறகு அதே நிபந்தனையைக் காட்டிக் கிளெய்மை மறுக்கக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. உனக்கு என்ன வந்தது, நன்றாக யோசி.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

அண்ணன்

&nbsp;

ஆகஸ்ட் 8

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

சட்ட விஷயத்துக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன். கம்பெனியிலிருந்து உறை வந்தது நினைவிருக்கிறது. அதற்குள் எத்தனை தாள் இருந்தது என்பது நினைவில் இல்லை. நம் கடைக்குள் வந்த எந்தக் கெட்டிக் காகிதமும் உருப்படியாகத் திரும்பிப் போனதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அட்டை, எதுவானாலும் கட்டிங் மாஸ்டர் மேஜைக்குப் போனால் அளவு அட்டைதான். நிபந்தனைப் புத்தகம் வந்து அதையும் வெட்டிவிட்டாரோ என்று எனக்கே பயம். வரவில்லை என்று பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன்.

அவரிடம் போய்க் கேட்டேன். "நான் படிக்கவா செய்றேன், தடிமன் பாத்து வெட்றேன்" என்றார். அவர் வீட்டுப் பரணிலிருந்து அட்டை மூட்டை முழுவதையும் இறக்கி, ஒரு நாள் பூராவும் தரையில் பரப்பித் தேடினோம். மாலையில் பள்ளிச் சட்டைக் காலர் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் அவர் கையெழுத்தில் 'காலர், 28' என்று இருக்கிறது. மறுபக்கம் கம்பெனியின் கடிதம். கடிதத்தின் இடது ஓரம் மேலிருந்து கீழ்வரை அப்படியே காலராகிவிட்டது. மேலே தேதியும் பாலிசி நம்பரும் இருக்கின்றன. கீழே, 'இணைப்பு: பாலிசி அட்டவணை, ஒரு தாள் மட்டும்' என்று இருக்கிறது. நடுப்பகுதி பாக்கெட் மூடியாகிவிட்டதாம், அது நமக்கு வேண்டாம்.

மனிதாபிமானம் பேசிய அந்த மேல்முறையீட்டுப் பிரிவுக்கு நான் திரும்பப் போகவில்லை, ஜூலைக் கெடுவும் தாண்டிவிட்டது. குறைதீர்ப்பாளருக்கு மனு போட்டுவிட்டேன்.

தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 17

ஊசிக்கு,

நான் சௌக்கியம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். காலரைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

கட்டிங் மாஸ்டரிடம் என் நமஸ்காரத்தைச் சொல். அந்தக் காலரை இரும்புப் பெட்டியில் வை, இஸ்திரி போடாதே.

திட்டியாவது எழுது அம்மா. பலகையில் இன்னும் நீ கடைசியாக எழுதிய 'சட்டையைக் கழற்றிப் போடுங்கள், துவைக்க வேண்டும்' அப்படியே இருக்கிறது. நான் அழிக்கவில்லை.

உன் அண்ணன்

&nbsp;

அக்டோபர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் மிக நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், இனிமேல் டாக்டர் சீட்டை நானே பார்ப்பேன்.

தீர்ப்பு நேற்று தபாலில் வந்தது. ஜெயித்துவிட்டோம். பாலிசியில் உள்ளபடி முழு நஷ்டஈடும், தாமதத்துக்கு வட்டியும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மெஷினுக்குச் சொல்லிவிட்டேன். கட்டிங் மாஸ்டர் இப்போதே கத்திரியைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டார்.

விசாரணை நடந்த விதத்தைச் சொல்கிறேன். கோர்ட் மாதிரி இருக்கும் என்று பயந்தேன். ஒரு சின்ன அறை, நீள மேஜை, சத்தம் போடுகிற மின்விசிறி. குறைதீர்ப்பாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் காலரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த வயசுப் பையன் சட்டைக்கும்மா?" என்று கேட்டார். எட்டு வயது என்றேன். கம்பெனிக்காரர், "நிபந்தனைப் புத்தகம் எல்லாருக்கும் அனுப்புறது வழக்கம் சார்" என்றார். "வழக்கம் இருக்கட்டும். இவங்களுக்கு அனுப்பினதுக்கு அத்தாட்சி எங்கே? உங்க கடிதமே ஒரு தாள் மட்டும்னு சொல்லுதே" என்று குறைதீர்ப்பாளர் கேட்டார். அந்த மனிதர் பையைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

பிறகு என்னைப் பார்த்து, "முப்பத்தாறு நாள் ஏன் பூட்டியிருந்தீங்க? உங்க அண்ணனுக்கு அவ்வளவு நாளும் முடியாம இருந்துச்சா?" என்றார். உங்கள் கடிதம் என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி அதோடு முடிந்திருக்கும். கடை என் கண்முன் வந்து நின்றது. ஆனாலும், "இல்ல சார், ரெண்டே வாரத்துல அவருக்குச் சரியாயிடுச்சு. எனக்குத் தெரியும். நான்தான் போகல" என்றேன்.

ஆமாம் அண்ணா, எனக்குத் தெரியும். டாக்டரிடம் போய்விட்டு வந்தீர்களே, அன்றைக்கு நான் மாடி ஜன்னலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனை வரை நிமிர்ந்து, கையை வீசிக்கொண்டு வந்தீர்கள். பேப்பர் கடைக்காரரிடம் சிரித்தீர்கள். நம் வீடு கண்ணில் பட்டதும் நின்றீர்கள். கையை வயிற்றில் வைத்தீர்கள். குனிந்து, காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தீர்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே வந்து கதவைத் திறந்தேன்.

மறுநாளே கிளம்பியிருக்கலாம். இங்கே எனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள்? மெஷின் சத்தம் நின்றுவிட்டால் என் வீடும் உங்கள் காது மாதிரிதான். நீங்கள் ஒரு மாதம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நீங்கள் நடித்தீர்கள், நான் நம்பினதாக நடித்தேன்.

அந்தச் சான்றிதழைக் கேட்டு எழுதியபோது, நீங்கள் வாங்கி அனுப்பிவிடுவீர்களோ என்று ஒரு பக்கம் ஆசை, மறுபக்கம் பயம். அனுப்பியிருந்தால் நானும் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கடிதம் வந்ததும் வெட்கமாகிவிட்டது. நீங்கள் உங்கள் பங்கை எழுதிவிட்டீர்கள், எனக்கு என் பங்கை எழுதக் கை வரவில்லை. அதனால்தான் காலரைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதினேன்.

தீர்ப்பின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: 'மனுதாரர் தமக்கு எதிராகக்கூட உண்மையே பேசினார்.' அதை நான் படித்ததும் கட்டிங் மாஸ்டர் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றார். முதலில் அவர் வெட்டாமல் இருக்கிறாரா பார்ப்போம்.

அடுத்த மாதம் கடை திறக்கிறேன். நீங்கள் வர வேண்டும். வரும்போது பலகையையும் சாக்பீஸையும் எடுத்து வாருங்கள்.

உங்கள் அன்புத் தங்கை

&nbsp;

அக்டோபர் 14

என் ஊசிக்கு,

எனக்கு உடம்பு இரும்பு மாதிரி இருக்கிறது. பேப்பர் கடைக்காரரிடம் வேண்டுமானால் கேட்டுக்கொள்.

உன் கடிதத்தை நூலகத்திலேயே பிரித்தேன். பாதியில் கண் மறைத்துவிட்டது. நூலகத்து அம்மா பதறிப்போய் என்ன என்று சைகையில் கேட்டார். கடிதத்தை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டேன். மாடி ஜன்னல் இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சத்தம் கேட்காவிட்டால் என்ன, மேஜை ஆடியது.

டிக்கெட் வாங்கிவிட்டேன். வருகிற மூன்றாம் தேதி காலையில் வருகிறேன், பஸ் நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். நிமிர்ந்தே நடந்து வருவேன்.

புறப்படும் முன் ஒரு வேலை செய்தேன். என் வீட்டுக்கும் ஒரு பாலிசி இருக்கிறதல்லவா? அதன் நிபந்தனைப் புத்தகத்தை ஆகஸ்டிலேயே கேட்டு எழுதி வாங்கியிருந்தேன். பதினொன்றாம் பக்கத்தில் அதே முப்பது நாள் இருக்கிறது. டிக்கெட் வாங்கியதுமே, வீடு முப்பது நாளுக்கு மேல் பூட்டியிருக்கும் என்று பதிவுத் தபாலில் தெரிவித்துவிட்டேன், ரசீது பத்திரமாக இருக்கிறது. அவர்களுடைய படிவத்தில் 'பூட்டுவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இப்படி எழுதினேன்: 'நோய் எதுவும் இல்லை. தங்கையோடு இருக்க ஆசை.'

உன் அண்ணன்